மூன்று தோட்டத்துக்கு ஒரே ஆயா

பெரட்டில் பிள்ளைகள்

தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். அந்தத் திங்கட்கிழமை அங்கே கொழுந்துக் கூடை ஒன்றையும் காணோம். பெண்கள் எல்லோரும் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். பனி இன்னும் விலகவில்லை. பிள்ளைகள் கம்பளித் தொப்பிக்குள் தும்மிக்கொண்டிருந்தன. வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து நின்றார்.

அப்போது நான் ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெல்பெயார் ஒபிசர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பைப்பில் தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து, குடித்துவிட்டு வந்து கதவை உடைத்தவன் பஞ்சாயத்து வரைக்கும் எல்லாம் என் தலையில்தான் விடியும். போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் போன் எடுத்து, "மிஸ், தோட்டத்து சனத்தைப் புரிஞ்சிக்க எந்த அறிக்கைய படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். படியுங்கள், வேண்டாம் என்றா சொல்கிறேன்? நானும் பெட்டி பெட்டியாகப் படித்தவள்தான். ஆனால் எனக்குத் தோட்டத்தைக் காட்டித்தந்தது இரண்டே பக்கச் சிறுகதை ஒன்று. முதலில் அதில் ஒரு பக்கம்தான் கைக்கு வந்தது. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

கூட்டத்துக்கு முன்னால் மல்லிகா நின்றாள். கொழுந்து எடுப்பதிலும் கெட்டி, வாயிலும் கெட்டி. ஒரு வயது தாண்டிய அவள் மகன் தர்ஷன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மிஸ், இனிமே பிள்ளைக்காம்பராவுக்கு எங்க புள்ளைகள விடமாட்டோம்," என்றாள். "அந்த ஆயா கட்டிப்போடுது."

பிள்ளைக்காம்பரா என்பது தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளையும் தவழுகிற, நடக்கிற பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற கட்டடம். எங்கள் தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொண்டது தெய்வானை.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? புத்தகத்திலயே போட்டிருக்கே!" மல்லிகா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த படம். ஏதோ ஒரு சிறுபத்திரிகையின் பக்கத்தை யாரோ போட்டோ பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே, "நம்ம தோட்டத்து அநியாயத்தைப் பாருங்க" என்று ஒரு வரி. வாசித்தேன். மழைக்காலம். வாசலில் கொய்யா மரம் நிற்கிற ஒரு பிள்ளைக்காம்பரா. ஒரே ஒரு ஆயா, மேல்கணக்கு என்கிற மேல்பிரிவிலிருந்து வருகிற, புருஷனை இழந்தவள். நடக்கப் பழகிய பிள்ளை ஒன்று பின்னாலுள்ள கானை நோக்கியே ஓடுகிறது. கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான வாய்க்கால். ஆயா பழைய சேலையில் ஒரு கிழிசலை எடுத்துப் பிள்ளையின் இடுப்பில் ஒரு முனையும் தூணில் மறுமுனையுமாகக் கட்டிவிடுகிறாள். பக்கம் அத்தோடு முடிந்துவிட்டது.

"மல்லிகா, இது கதை," என்றேன்.

"கதையோ காவியமோ, எனக்குத் தெரியாது மிஸ். மீரியபெத்தையில எங்க சித்தி குடும்பமே மண்ணுக்குள்ள போச்சு. நேத்து ரேடியோவுல இன்னும் மழை வரும்னு சொல்றான். மண்ணு எறங்கி வந்தா கட்டிப்போட்ட புள்ளைய யாரு அவுக்கிறது? சொல்லுங்க, யாரு அவுக்கிறது?"

கொஸ்லந்தைப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய தோட்டம் அது. அந்தப் பெயரைச் சொன்னால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

தொரைக்கு வந்த பயம்

மெனேஜரைத் தொரை என்று கூப்பிடுவது வெள்ளைக்காரன் போன பிறகும் எங்களை விட்டுப் போகாத வழக்கம். எங்கள் தொரை சிங்கள மனிதர். தோட்டத் தமிழை நன்றாகவே பேசுவார். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் ஓடிட் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி, வேலைக்காரர்களை எப்படி வைத்திருக்கிறோம், பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்ப்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் வருவதாக இருந்தது.

"என்னா மிஸ் இது? பிள்ளைய கட்டிப்போடுற தோட்டம்னு அச்சடிச்சே விட்டுட்டான்!"

"தொரை, எவரோ ஒருத்தர் எழுதின கதை. நம்ம பேரு எங்கயுமே இல்ல."

"பேரு எதுக்கு? வாசல்ல கொய்யா மரம். பின்னால கான். ஆயா மேக்கணக்கிலருந்து வாரா, புருசன் செத்துட்டான். இது கதையா? இது நம்ம தோட்டம் மிஸ்!"

கொய்யா மரம் நின்றது. கான் ஓடியது. தெய்வானை மேல்கணக்கு லயத்துக்காரி. புருஷன் செத்து வருஷக்கணக்காகிறது. மனிதர் எழுதியிருந்ததில் எதை இல்லை என்பது?

"தெய்வானைய நாளையிலருந்து நிப்பாட்டி வைக்கிறேன். நீங்க விசாரிங்க. ஓடிட்காரன் வர முந்தி எனக்கு ரிப்போர்ட் வேணும். கட்டினது நெசம்னா ஆளு வேணாம்."

"அதுவரைக்கும் பிள்ளைகள யாரு பாக்கிறது?"

தொரை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நான்தான்.

தெய்வானை

அன்று சாயங்காலமே மேல்கணக்குக்கு ஏறினேன். தெய்வானை வாசல்படியில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல் ஒன்றும் இல்லை, கைதான் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"ஒக்காருங்க மிஸ். டீ ஊத்தவா?"

"டீ இருக்கட்டும். என் மூஞ்சியப் பாத்து சொல்லு. எப்பவாவது கட்டினியா?"

"இல்லீங்க." சுளகைக் கீழே வைத்தாள். "கட்டல. ஆனா கட்டிப்போட்டா என்னன்னு நெனைக்காத நாளு இல்ல. அதுவும் குத்தம்னா எழுதிக்கிங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. "அதெல்லாம் வெளியில சொல்லி வைக்காத," என்று அதட்டினேன்.

"வேல போனா காம்பராவும் போயிரும்ல மிஸ்?" என்று கேட்டாள்.

அதுதான் விஷயம். குடியிருக்கிற லயக்காம்பரா தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான். புருஷன் போனபின் தெய்வானையின் வேலையை வைத்துத்தான் அந்தக் காம்பரா நின்றது. மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், தங்குவது பத்துப் பேரோடு ஒரு அறையில். தெய்வானை மூட்டையைக் கட்டினால் போக இடம் இல்லை. காம்பராவைக் கேட்டு வேறு குடும்பங்கள் ஏற்கெனவே தொழிற்சங்கத் தலைவரின் வாசலில் நின்றுகொண்டிருந்தன.

"போகாது," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று பாதி வழியில்தான் யோசித்தேன்.

நான் ஆயாவாக இருந்தது

தெய்வானையை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு வழி? வீட்டில் வைத்துக்கொண்டால் அடுப்பு எரியுமா?

செவ்வாயும் புதனும் நான்தான் ஆயா. அம்மம்மா, அதைச் சொல்லி முடியாது. ஒன்றைத் தொட்டிலில் போட்டால் இன்னொன்று எழும்பும். ஒன்றுக்குக் கழுவி முடிப்பதற்குள் மற்றது போய்விட்டிருக்கும். எல்லாம் சேர்ந்து அழுதால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்கூடக் கேட்காது. இருபத்தைந்து வருஷமாக இந்தப் பிள்ளைக்காம்பராவை மேற்பார்வை செய்தவள் நான். வாசலில் நின்று, "எல்லாம் சரியா தெய்வானை?" என்று கேட்டு, "சரிங்க மிஸ்" என்று அவள் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் மேற்பார்வை.

எல்லாவற்றுக்கும் மேலே தர்ஷன். அந்தப் பயலுக்குக் கானில் அப்படி என்ன வைத்திருந்ததோ! கண்ணை இமைத்தால் அங்கே நிற்பான். ஒருதரம் விளிம்பில் வைத்துத்தான் சட்டையைப் பிடித்தேன். பிடியை விடாமல் அவனை அங்கேயே உட்காரவைத்து நானும் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி உள்ளே வந்தபோது என் கண் தானாகக் கொடியில் கிடந்த பழைய சேலைமேல் போயிற்று. அளவுகூடப் பார்த்துவிட்டேன், தூணுக்கு எட்டுமா என்று. ஐயோ சாமி, என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பாலூட்டும் தாய்மாருக்குப் பத்து மணிக்கு வந்துபோக நேரம் உண்டு. அது சட்டம். என்னுடைய ரிப்போர்ட்டிலும் ஒவ்வொரு மாசமும் 'வருகிறார்கள்' என்றுதான் போகும். ஒருத்தியும் வரவில்லை. மல்லிகா மத்தியானம்தான் ஓடி வந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்து மடியில் போட்டதும் அவன் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"ஏன்டி பத்து மணிக்கு வரல?"

"எப்பிடி மிஸ் வாரது? முந்தி கொழுந்து நிறுக்கிற மடுவம் இந்தா, இங்கின இருந்துச்சு. நிறுத்திட்டு ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போவோம். ரோட்டு ஒடைஞ்சு லொறி மேல வரமுடியாதுன்னு மடுவத்த கீழ வளைவுக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கருந்து ஏறி வந்து எறங்கினா கொழுந்து கொறையுது. அரைப்பேருதான் விழும்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். பாலா, பேரா என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? இதெல்லாம் எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க மிஸ் கேட்டீங்க?" என்றாள், வெகு சாதாரணமாக.

மாஸ்டர்

கதை எழுதியவர் பண்டாரவளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற மாஸ்டர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலையில் வேலை செய்த ஒருத்தியை வாரக்கடைசிவரை பிள்ளைக்காம்பராவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மனிதரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். இடைவேளையில் வெளியே வந்தார். ஒல்லியான ஆள். நான் எந்தத் தோட்டம் என்று சொன்னதும் கையிலிருந்த சோக்குத் துண்டு கீழே விழுந்தது.

"மிஸ், சத்தியமா ஒங்க தோட்டத்தப் பத்தி எழுதல. நான் அங்க வந்ததேயில்ல. ராத்திரி பகலா போன் வருது. அடிப்பேங்கிறான், கால ஒடைப்பேங்கிறான். வேணும்னா எல்லாம் பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பிடி பிடிக்க வந்தவளுக்குப் பாவமாகிவிட்டது. "அப்ப கொய்யா மரம்?"

"நான் பொறந்தது பசறைப் பக்கம். எங்க பிள்ளைக்காம்பரா வாசல்ல மரமே கெடையாது. இருந்தா புள்ளைகளுக்கு நல்லாருந்திருக்கும்னு கதையில ஒண்ணு நட்டேன்."

"ஆயாவுக்கு ஒரு பேராவது வச்சிருக்கலாமில்ல? பேரு இல்லாததாலதான் ஆளாளுக்கு எங்க ஆயா, எங்க ஆயாங்கிறாங்க."

"பேரு வச்சா அந்தப் பேருக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னுதான் மிஸ் வைக்கல," என்றார் பரிதாபமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன்.

"யாரப் பாத்து எழுதினீங்க, நெசமா சொல்லுங்க."

அவர் யோசித்தார். "எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. பால் கட்டிப்போய் ராத்திரி அழுவாங்க. அது ஞாபகம். மத்ததெல்லாம், ஒரே ஆயா இருந்தா என்னாகும், மடுவம் தூரமா இருந்தா என்னாகும்னு நெனச்சுப் பாத்தேன். கட்டிப்போட்டது மட்டும் நானா யோசிச்சது."

பொய் என்று எழுதித்தரச் சொல்லவில்லை. பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். வட்ஸ்அப்பில் வராத பக்கம். வாசித்து முடித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்கறி வியாபாரி, "என்னங்க, துக்க செய்தியா?" என்று கேட்டார். இல்லை, கதை என்றேன். அப்படியா என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பதுளையில் சிரித்தது

வெள்ளிக்கிழமை பதுளையில் தாய்சேய் நலக் கூட்டம். பல தோட்டங்களின் வெல்பெயார் ஒபிசர்மார் வருவோம். தலைமை தாங்குவது யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா. வாய் கொஞ்சம் காரம், மனசு தங்கம். என் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், எங்கள் பிள்ளைக்காம்பராவைப் பற்றி ஒரு கதை வந்து பெரிய பிரச்சினையாகிவிட்டது, விசாரணை நடக்கிறது என்று.

எதிரே இருந்த நளினி பாதியில் எழுந்துவிட்டாள். அவள் எல்ல என்ற ஊர்ப் பக்கத்தில் இன்னொரு தோட்டத்து வெல்பெயார் ஒபிசர். "அக்கா, என்னா சொல்றீங்க? அது எங்க ஆயா! எங்க தொரை இவளத்தான் விசாரிக்கச் சொல்லி என் உயிர வாங்குறாரு!"

"ஒங்க ஆயாவா? கொய்யா மரம்?"

"எங்க வாசல்லயும் கொய்யா மரம்தான்!"

பின்வரிசையில், வேலைக்குப் புதிதாக வந்த வெலிமடைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பயந்து பயந்து கையைத் தூக்கியது. "மிஸ், எங்க ஆயாவயும் நிப்பாட்டிட்டாங்க. கொய்யா மரம் இல்ல, பேரிக்கா மரம். தொரை சொன்னாரு, அடையாளம் தெரியக்கூடாதுன்னு எழுதினவன் மரத்த மாத்திட்டானாம்."

டொக்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நில்லுங்கோ, நில்லுங்கோ. ஒரு ஆயா. மூண்டு தோட்டத்திலையும் ஒரே நாளிலை பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறா. அப்பிடியோ? இவவுக்கு ஓவர்டைம் குடுத்தவையோ?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அந்த மண்டபத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. நளினி சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தெய்வானையின் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது, காம்பரா தப்பிவிட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வெள்ளைக்காரன் ஒரே அச்சில் வார்த்துக் கட்டிவிட்டுப் போன தோட்டங்கள். மேல்கணக்கு, கீழ்கணக்கு, லயம், கோயில், மடுவம், பின்னால் கானோடு ஒரு பிள்ளைக்காம்பரா. அதைப் பார்க்கிற வேலை மலை ஏற முடியாத, புருஷன் இல்லாத ஒருத்திக்குத்தான் போகும். பசறையை நினைத்து ஒருவர் எழுதினால் மூன்று தொரைமாருக்கு நெஞ்சு திடுக்கிடாமல் என்ன செய்யும்?

சிரித்து ஓய்ந்ததும் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து அங்கேயே வாசித்தேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து கதையை வரி வரியாகப் பிரித்தோம். ஆயா ஒருத்திதானா? மூன்று தோட்டத்திலும் ஆமாம். மடுவம் தூரமா? ஆமாம். பத்து மணிக்குத் தாய் வருகிறாளா? நளினி, "வருகிறார்கள்னு ரிப்போர்ட் குடுக்கிறேன் அக்கா," என்றாள். நானும் அதைத்தான் குடுக்கிறேன் என்றேன். வெலிமடைப் பிள்ளை நகத்தைக் கடித்தது. கட்டிப்போட்டது? மூன்று தோட்டத்திலும் இல்லை.

அப்படியானால் நடக்காதது அது ஒன்றுதான். மற்றது எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. நாங்களோ நடக்காத ஒன்றை விசாரித்துக்கொண்டு, நடக்கிற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பக்கம்

சனிக்கிழமை காலை தொரையிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. நளினியின் தொரைக்குப் போன் போட்டார். சிங்களத்தில் பேச ஆரம்பித்தவர் ஒரு கட்டத்தில் நாற்காலியில் சாய்ந்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். போனை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"அவனும் ஒரு வாரமா தூங்கலயாம் மிஸ்! அவன் தோட்டத்து ஆயான்னு நெனச்சு அவன் பயந்து போயி இருக்கான். சரி, சரி. விசாரணை முடிஞ்சது. தெய்வானைய வரச்சொல்லுங்க."

நான் எழும்பவில்லை.

"என்னா மிஸ்?"

"பாதியோட நிப்பாட்டினதாலதான் தொரை இவ்வளவும் வந்துச்சு. இன்னொரு பக்கம் இருக்கு. பொம்பளைகளுக்கு நான் வாசிச்சுக் காட்டப் போறேன். நீங்களும் வந்து கேக்கணும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்த சந்தோஷத்தில் இருந்தார், அதனால் தப்பித்தேன். வேறொரு நாள் என்றால் வாசலைக் காட்டியிருப்பார்.

மத்தியானம் வேலை முடிந்து பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தபோது பிள்ளைக்காம்பரா வாசலில் உட்காரவைத்தேன். தெய்வானை கொய்யா மரத்தடியில் தள்ளி நின்றாள், யாரும் அவளைக் கிட்டக் கூப்பிடவில்லை. தொரை ஜீப்பில் சாய்ந்து நின்றார். மூன்று தோட்டத்துக் கூத்தைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை.

முதல் பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். கதையில் அந்தப் பிள்ளையின் தாய் தூர மடுவத்தில் நிற்கிறாள். லொறி வரவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகிறது. நிறுத்து முடித்து மழையில் ஓடிவருகிறாள். பிள்ளை தூணில் கட்டிக் கிடப்பதைப் பார்க்கிறாள். ஆயாவை அடிக்கக் கையை ஓங்குகிறாள். ஆயாவின் இடுப்பில் ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை, காலால் ஆட்டுகிற தொட்டிலில் ஒரு பிள்ளை. காலையில் கொண்டுவந்த ரொட்டி பிரிக்காமல் கிடக்கிறது. ஓங்கிய கை இறங்குகிறது. பிள்ளையை அவிழ்த்துப் பால் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மலைக்குப் போகிறாள். மறுநாள் காலை தன் கல்யாணச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்து ஆயாவின் கையில் கொடுக்கிறாள். "இது மெதுவா இருக்கும். இதால கட்டுங்க," என்கிறாள். கதை அவ்வளவுதான்.

கான் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

மல்லிகா தர்ஷனை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "நானும் குடுத்திருப்பேன் மிஸ்," என்றாள். பிறகு மரத்தடியைப் பார்த்து, "யக்கா, அங்க ஏன் நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க. இவனப் புடிங்க, கை கடுக்குது," என்றாள்.

தெய்வானை வந்து பிள்ளையை வாங்கினாள். அவன் உடனே கானைப் பார்த்துக் கையை நீட்டினான். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

தொரை ஜீப்பை விட்டு வந்தார். முகத்தில் காலையில் பார்த்த சிரிப்பு இல்லை. "மிஸ், நம்ம மடுவத்தில நெசமாவே இப்பிடித்தானா?"

"என்கிட்ட கேக்காதீங்க தொரை. அவங்கள கேளுங்க. நானும் போன செவ்வாக்கெழமதான் கேட்டேன்."

கேட்டார். சொன்னார்கள். எல்லாம் அன்றைக்கே நடந்துவிட்டது என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். தச்சு வேலைக்கார பாஸ் மட்டும் திங்கட்கிழமையே வந்து கான் பக்கத்து வாசலுக்கு இடுப்பளவு கதவு போட்டார். இரண்டாவது ஆயாவை ஓடிட் முடிந்த பிறகுதான் எடுத்தார்கள், அதற்கும் நான் நாலு தரம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. மடுவம் கீழேயே இருந்தது. பால் கொடுக்கிற அம்மாமாருக்கு மட்டும் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டவுள்ள மலையில் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். என் ரிப்போர்ட்டில் 'வருகிறார்கள்' என்று எழுதுமுன் பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதினேன்.

ஆகவே வெல்பெயார் பிள்ளைகளே, கதைப் புத்தகம் கைக்கு வந்தால் வேலை நேரத்தில் எதற்கு என்று தள்ளிவைக்காதீர்கள். வாசியுங்கள். கடைசிவரை வாசியுங்கள். இது யார், எந்தத் தோட்டம் என்று மூக்கை நுழைத்தால் ஊர்ச்சண்டைதான் மிஞ்சும். எது இப்படி இருப்பதால் இந்த மனுஷி இப்படிச் செய்கிறாள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் தோட்டத்துக்குள் போய் அதையே ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நான் தேடிக் கிடைக்காமல் போனது குறைவு.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போனபிறகு பிள்ளைக்காம்பராவைப் பூட்டிச் சாவியைத் தெய்வானையிடம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டவள் போகாமல் நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்தக் கதையில வர்ற ஆயா. அந்தம்மாவுக்கு வேல போயிருச்சா?"

பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தேன், பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்தும். "அதுபத்தி எழுதல தெய்வானை."

"காம்பரா இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்ப சரிங்க," என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மேல்கணக்குப் படியில் விறுவிறு என்று ஏறிப் போனாள்.